அகமுகர் தன் இயல்பை மாற்றாமல் தன்னம்பிக்கையும் ஈர்ப்பும் பெற முடியுமா?

முடியும். அகமுகர் என்பவர், கூட்டத்தில் நெடுநேரம் இருந்தால் களைத்து, தனிமையில் தெம்பு பெறுகிறவர். கோடைக் கிணறு போல: ஓயாமல் இறைத்தால் அடி தெரியும், இரவு முழுக்க விட்டுவைத்தால் மறுபடி ஊறும். கிணற்றை யாரும் குறை சொல்வதில்லை, மனிதரைத்தான் "உம்மணாமூஞ்சி" என்கிறோம்!

தன்னம்பிக்கை, பெரும்பாலும் பழகிய விஷயத்தில்தான் வருகிறது. பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் பேச நா எழாமல், வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தவர் காந்தி. 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களிடம் வியாபாரத்தில் நேர்மை பற்றிப் பேசினார், முன்பே தயார் செய்துகொண்டு. அதையே தன் முதல் பொதுப்பேச்சு என்கிறார். கூச்சம் முழுதாகப் போய்விடவில்லை, சொல்ல வேண்டியது தெளிவாக இருந்தது.

ஆகவே கூட்டத்துக்குப் போகுமுன் இரண்டு கேள்விகளை யோசித்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் மட்டும் நிதானமாகப் பேசுங்கள். கவனித்துக் கேட்கிறவரை யாரும் எளிதில் மறப்பதில்லை. களைத்தால் தயங்காமல் விடைபெறுங்கள்.

அகமுகமும் கூச்சமும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள்; காந்தி தன்னிடம் இருந்ததாகச் சொன்னது கூச்சம், அதாவது பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம், அது கலகலப்பான ஆட்களுக்கும் உண்டு.