49 வயதில் பெயர் மறக்கிறது: வேலைப்பளுவா, மறதி நோயா?

கேள்வி: பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளராக இருக்கிறேன். வயது 49. டார்கெட், வராக்கடன், ஆடிட் என்று வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். ஐந்து மணி நேரம் தூங்கினாலே அதிகம். கொஞ்ச நாளாக, வருடக்கணக்கில் பழகிய வாடிக்கையாளரின் பெயர்கூட எதிரில் நிற்கும்போது வாயில் வர மாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்ததும் தானாக ஞாபகம் வருகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அப்பாவுக்கு 74 வயதில் மறதி நோய் வந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பெயர் மனதில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வருகிறது. அந்த நேரத்தில் அதை எடுத்துத் தர வேண்டிய கவனம் செல்போனுக்கும் கடன் ஃபைலுக்கும் வட்டார அலுவலகத்துக்கும் பங்குபோய்விடுகிறது. அப்பாவுக்கு 65 வயதுக்குப் பிறகு வந்தது என்பதால் பரம்பரை பயமும் அவ்வளவு தேவையில்லை.

ஆனால் இப்படியே ஓட்டிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடர்ந்துவரும் ஒயிட்ஹால் ஆய்வில், 45-49 வயதுக்காரர்களிடமே பகுத்தறியும் திறன் பத்தாண்டுகளில் சுமார் 3.6% குறைந்திருந்தது. ஐம்பது வயதில் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிடப் பின்னாளில் டிமென்ஷியா எனும் மறதி நோய் கூடுதலாக வந்ததும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த ஐந்து மணி நேரத் தூக்கம்தான்.

முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறையக்கூடும். குறைந்தால் மறதியும் சோர்வும் வரலாம். ஈடுகட்டினால் பெரும்பாலும் சரியாகும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு), ரத்த அழுத்தம் மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம். பலத்த குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள்; தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டாலும் பகலில் இதே மந்தம் வரும். மருந்துக்கடையில் 'மெமரி' என்று விற்கும் மாத்திரைகளுக்குத் தயவுசெய்து பணம் செலவழிக்காதீர்கள்.

அடுத்தது வேலை. வேலை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் மனிதர் மிக மோசமாக நொறுங்குகிறார் என்று 1979இலேயே சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் எழுதினார். டார்கெட்டை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் காலை முதல் ஒரு மணி நேரத்தைக் கடன் ஃபைல்களுக்கென்று ஒதுக்கி, போனைத் துணை மேலாளரிடம் கொடுத்துவிடலாம். முக்கியப் பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியர்களுக்கு ஆண்டுக்கொரு முறை தொடர்ந்து பத்து வேலை நாள் கட்டாய விடுப்பு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மோசடியைக் கண்டுபிடிக்க வந்த விதிதான். உங்கள் பதவியும் அந்தப் பட்டியலில் இருந்தால், அந்த நாட்களில் கிளையிலிருந்து வரும் எந்த அழைப்பையும் எடுக்காதீர்கள்.

தினமும் போகும் வழி குழம்பினாலோ, கண்ணை மூடிக்கொண்டு போடும் வட்டிக் கணக்கு திரும்பத் திரும்பத் தப்பினாலோ, கேட்ட கேள்வியையே கேட்டது தெரியாமல் மறுபடி கேட்பதாக மனைவியோ சக ஊழியர்களோ சொன்னாலோ, நாள் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அப்போது அவர்களில் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்டதை அவர்கள்தான் மருத்துவரிடம் சொல்ல முடியும்.