கம்பிக்குள் ஒரு நோட்டு: வாசகர் கேள்வி, பதில்

ஆஸ்திரேலியச் சிறைகளில் பூர்வகுடியினருக்கு எழுத்துப் பட்டறை நடக்கிறதாமே? எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களிடமிருந்து கவிதை எப்படி வரும்?

அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூடப் பூர்வகுடியினர் இல்லை. சிறைவாசிகளிலோ ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவர்கள்தான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஜூனி சிறையில் 'வாடி வாடி' என்ற பூர்வகுடி மக்களின் மூத்தவர், கவிஞர் ஆன்ட்டி பார்பரா நிக்கல்சன் முன்னின்று நடத்திய பட்டறைகளில் பிறந்த எழுத்துகள் 'டிரீமிங் இன்சைட்' என்ற தொகுப்பு வரிசையாகவே வந்துள்ளன. 'ஆன்ட்டி' என்பது அங்கே மூத்தவருக்கான மரியாதைப் பெயர். அப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்தால்தான் பேச்சே தொடங்கும்.

பட்டறை நடத்துகிறவர் செய்ய வேண்டியது இதுதான்: எழுத வராதவர் சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். சொல்பவர் மூச்சு விடும் இடத்தில் வரியை முறியுங்கள். உடனே வாசித்துக் காட்டுங்கள், "இல்லை, இப்படி" என்று அவரே திருத்துவார். "என்ன குற்றம் செய்தாய்?" என்று ஒருபோதும் தொடங்காதீர்கள். பிறந்த மண், ஆறு, பாட்டியின் கை என்று கேளுங்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது பிழைதிருத்தத்தில்தான். பூர்வகுடியினர் பேசும் ஆங்கிலத்தில் 'டெட்லி' என்றால் 'அபாரம்'. 'மாப்' என்றால் சொந்தபந்தம், குலம். பள்ளி இலக்கணத்துக்கு மாற்றினால் எழுதியவருக்கே அது அந்நியமாகிவிடும்.

கம்பிச் சுருள் நோட்டைச் சிறைகளில் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஒட்டிய நோட்டு வாங்குங்கள். அன்றன்றே பிரதி எடுத்துவிடுங்கள். முன்னறிவிப்பின்றி வேறு சிறைக்கு மாற்றிவிட்டால் தாளும் காணாமல் போகும்.

அச்சானால் உரிமையும் பணமும் யாருக்கு?

பதிப்புரிமை எழுதியவருக்கே. ஆனால் 2002ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, குற்றத்தால் வந்த பிரபலத்தை எழுதிச் சம்பாதித்தால் அந்தப் பணத்தை அரசுக்குக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆற்றையும் பாட்டியையும் பற்றிய கவிதைக்கு அந்தச் சிக்கல் இல்லை. வழக்கு முடியாதவர் அதன் விவரத்தைத் தாளில் எழுதவே கூடாது, அதுவே சாட்சியமாகிவிடலாம்.

சம்மதத்தை இருமுறை வாங்குங்கள்: எழுதியபோது ஒருமுறை, அச்சுக்கு முன் ஒருமுறை. முழுப்பெயரா, முதல் பெயரா, புனைபெயரா என்பதை அவரே சொல்லட்டும். சடங்கு சார்ந்த கதைகளைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருப்பதில்லை, மூத்தவரிடம் கேளுங்கள். இறந்தவர் பெயரைச் சொல்வதைப் பல சமூகங்கள் தவிர்க்கின்றன. கவிதையில் அப்படியொரு பெயர் வந்தால், குடும்பத்தாரின் பதில் கிடைக்கும்வரை அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.