‘இறுதி_புதிய_இறுதி’ கோப்பும் சில கேள்விகளும்

கேள்வி: ஐயா, முனைவர் பட்ட ஆய்வில் முதல் ஆண்டில் இருக்கிறேன். தரவு மேலாண்மைத் திட்டம் கேட்கிறார்கள். தரவே இன்னும் கையில் இல்லையே, எதை எழுதுவது?

பதில்: கைக்கு வந்த பிறகு எழுதினால் அதற்குப் பெயர் திட்டமா? என்ன வகைத் தரவு வரும், ஏறக்குறைய எவ்வளவு, எங்கே இருக்கும், பிறகு யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தெரிந்தவரை எழுதுங்கள், மாறினால் திருத்துங்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய கொள்கையே இரண்டு பக்கத்துக்குள் முடிக்கச் சொன்னது. ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பொறுப்பாளர் என்ற இடத்தில் ‘ஆய்வுக் குழு’ என்று எழுதாமல் ஓர் ஆளைக் குறிப்பிடுங்கள். குழுவின் பொறுப்பில் விட்ட ஹார்டு டிஸ்கை மூன்று மாதம் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி: எல்லாவற்றையும் எக்செல்லில்தான் வைத்திருக்கிறேன். தவறா?

பதில்: உள்ளிடுவதற்கு வசதிதான். நீண்ட காலம் வைத்திருக்க, காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பான சிஎஸ்வி போன்ற எளிய வடிவில் ஒரு பிரதி வேண்டும். எக்செல் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்ற மரபணுக் குறியீடுகளைத் தேதி என்று எண்ணி மாற்றிவிடும். தொல்லை தாங்காமல், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தக் குறியீடுகளையே மாற்றிவிட்டு 2020இல் அறிவித்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில், எக்செல்லின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் கோப்பு 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாததால் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் விடுபட்டன.

இதைவிடப் பெரிய வில்லங்கம், விளக்கக் குறிப்பு இல்லாதது. ஐந்து ஆண்டு கழித்து என் கோப்பையே திறந்தேன். ‘எடை’ என்று ஒரு நெடுவரிசை, கிலோவா, பவுண்டா? சராசரி ஏன் இவ்வளவு குறைகிறது என்று ஒரு நாள் முழுவதும் மண்டையைக் குடைந்தேன். சில கட்டங்களில் -9 இருந்தது. ‘பதில் இல்லை’ என்பதற்கு நானே வைத்த குறி! நெடுவரிசையின் பொருள், அலகு, விடுபட்டதற்கான குறி ஆகியவற்றைத் தனிக் கோப்பில் எழுதி, தரவுடனேயே வையுங்கள்.

கேள்வி: நோயாளிகளிடம் எடுத்த நேர்காணல்கள். பெயரை நீக்கிவிட்டால் பகிரலாமா?

பதில்: பெயர் மட்டும் போனால் போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் வைத்தே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவை 1990களில் கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி கண்டுபிடித்துக் காட்டினார். முதலில் உங்கள் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ‘ஆய்வு முடிந்ததும் அழித்துவிடுவோம்’ என்று அச்சடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் பகிர வழியில்லை. இனி வாங்கும் படிவத்தில் ‘அடையாளம் நீக்கிப் பிற ஆய்வாளர்களுக்கு வழங்கப்படலாம்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூகுள் டிரைவ் இணைப்பைக் கட்டுரையில் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. கணக்கு மூடினால் இணைப்பும் போயிற்று. உங்கள் துறைக்கென்று இணையத் தரவுக் களஞ்சியம் இருந்தால் அங்கே வையுங்கள்; இல்லாவிட்டால் ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற பொதுக் களஞ்சியம் இருக்கிறது. கட்டணம் இல்லை, டிஓஐ என்ற நிலையான இணைய அடையாள எண் தருவார்கள்.

கேள்வி: நான் பாடுபட்டுச் சேர்த்ததை வைத்து வேறொருவர் முந்திக்கொண்டால்?

பதில்: கட்டுரை வெளிவரும்வரை தரவை யாரும் திறக்க முடியாதபடி தடைக்காலம் போட்டு வைக்கலாம். பெரும்பாலான களஞ்சியங்களில் அதற்கு வசதி உண்டு.

கேள்வி: இரண்டு பென் டிரைவில் நகல் வைத்திருக்கிறேன், போதும்தானே?

பதில்: இரண்டும் ஒரே பையில்தானே இருக்கின்றன? மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்தும் பாருங்கள்.