வௌவால் எண்ண வாசலில் நின்றால் போதும்

கேள்வி: மாங்குளத்துக்குக் கிட்ட எங்கள் ஊரில், கூரை பாதி போன பழைய நெற்களஞ்சியம் ஒன்றில் சின்ன வௌவால்கள் ஏராளமாக இருக்கின்றன. வெளிநாடுகளில் தொண்டர்கள் குகைக்குள் போய், உறங்கும் வௌவால்களை எண்ணுகிறார்களாம். சனசமூக நிலையப் பிள்ளைகள் எட்டுப் பேர், நாங்களும் டோர்ச்சோடு உள்ளே போய் எண்ணலாமா?

பதில்: கட்டாயம் எண்ணுங்கள். ஆனால் உள்ளே போகாதீர்கள்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்து வௌவால் பெரும்பாலும் இரை தேடி வெளியே வருவதில்லை. பூச்சி கிடைக்காத அந்த மாதங்களில் உடல் வெப்பத்தைக் குகையின் குளிர் அளவுக்கே இறக்கி, சேர்த்து வைத்த கொழுப்பில் உயிரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். திடுக்கிட்டு விழித்தால் அந்தக் கொழுப்பு வீணாக எரிந்துபோகும். அதனால் பயிற்சி பெற்ற ஒரு சிலர் மட்டும் போய், சத்தமில்லாமல் எண்ணிவிட்டு உடனே திரும்புவார்கள். 2006இல் நியூயோர்க் மாநிலக் குகையொன்றில் முதன்முதலில் பதிவான வெண்மூக்கு நோய், ஒரு பூஞ்சணத்தால் வருவது, மில்லியன் கணக்கில் வௌவால்களைக் கொன்றது. இப்போது உடுப்பையும் சப்பாத்தையும் கிருமிநீக்கம் செய்யாமல் அங்கே குகைக்குள் இறங்குவதில்லை.

வன்னியில் அந்த நீண்ட உறக்கம் இல்லை. உங்கள் வௌவால்கள் மைமலில் தாமாகவே வெளியே வரும். பிறகு எதற்கு உள்ளே போய்க் கலைக்க வேண்டும்? எச்சம் குவிந்த தூசியைச் சுவாசித்தால் நுரையீரலுக்கும் கூடாது.

முதலில் பகலில் போய், அவை வெளியேறும் ஓட்டைகளைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். பொழுதுபட அரை மணித்தியாலம் முன்னமே போய், ஓட்டைக்குப் பின்னால் வானம் தெரிகிற மாதிரிப் பக்கவாட்டில் உட்காருங்கள். வெளிச்ச வானத்தில் கறுப்பாகத் தெரிந்தால்தான் எண்ண முடியும். முதலில் ஒன்று வரும், பிறகு இரண்டு, பிறகு கண் எட்டாத வேகத்தில் கொத்தாகக் கொட்டும். அப்போது பத்துப் பத்தாக எண்ணி, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு புளியங்கொட்டையை வலப் பொக்கற்றிலிருந்து இடப் பொக்கற்றுக்கு மாற்றுங்கள். குனிந்து எழுதப் போனால் இருபது பறந்துவிடும். திரும்பி உள்ளே போவதைத் தனியாக எண்ணிக் கழியுங்கள். இருவரும் முடியும்வரை தொகையை ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது. அவசியமானால் மட்டும் சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்.

மழை நாளை விடுங்கள். அடுத்தடுத்து மூன்று மாலை எண்ணினால் நம்பக்கூடிய தொகை வரும். அதுவும் 'குறைந்தது இத்தனை' என்பதுதான். சில உள்ளேயே தங்கிவிடும். திகதி, முதல் வௌவால் வந்த நேரம், காற்று, நிலவு எல்லாம் கொப்பியில் இருக்கட்டும்.

உங்கள் பக்கத்துக்கென்று ஒன்று. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதியில்லாத பற்றைக்குள் கால் வைக்காதீர்கள், எண்ணுவதற்கு நல்ல இடம் அதுவாக இருந்தாலும். இருட்டில் திரும்பும்போது யானை, பாம்பு இரண்டையும் நினைத்துச் சேர்ந்தே நடவுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தூக்கவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

களஞ்சியத்தைத் திருத்தப் போவதாகக் கேள்விப்பட்டால், கொப்பியோடு கிராம அலுவலரையும் வனஜீவராசிகள் திணைக்களத்தையும் முன்கூட்டியே சந்தியுங்கள். குட்டி பறக்கப் பழகும்வரை வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்க, அந்தத் தொகைதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.