மனித வளர்ச்சிக் குறியீடு: பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

வணக்கம் டீச்சர். 'தனிநபர் வருமானம் கூடினாலே நாடு வளர்ந்துவிட்டது என்று பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள்' என்று ஆலங்குளத்திலிருந்து எழுதியிருந்தீர்கள். நானும் முக்கூடல் பக்கம் இதே பாடத்தோடு மல்லுக்கட்டியவன்தான்.

வரையறையை அப்புறம் பார்க்கலாம். முதலில் பீடித் தட்டிலிருந்து தொடங்குங்கள். ஆயிரம் பீடிக்குக் கூலி கூடினால் வீட்டு வருமானம் கூடும். ஆனால் அம்மாவின் இருமல்? பாதியில் நின்ற அக்காவின் படிப்பு? பிள்ளைகளே பேச ஆரம்பித்துவிடுவார்கள். (யார் வீட்டுக் கதையையும் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், கூசிப்போவார்கள்.)

அதன் பிறகு 1990க்கு வாருங்கள். பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, அமர்த்தியா சென்னின் சிந்தனையையும் சேர்த்து உருவாக்கியதுதான் இந்த மனித வளர்ச்சிக் குறியீடு. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் உண்டு. 2010 முதல் பெருக்குச் சராசரி எடுக்கிறார்கள், அதாவது மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்காமல், பெருக்கி மூன்றாம் மூலம் எடுக்கிறார்கள். ஒன்றில் சறுக்கினால் மற்றது முழுதாக ஈடுகட்டாது.

உதாரணத்துக்கு ஆப்பிரிக்காவில் உள்ள எக்குவடோரியல் கினியா. 1990களில் எண்ணெய் கிடைத்து வருமானம் எகிறியது, ஆயுள் அந்த வேகத்தில் ஏறவில்லை. தூத்துக்குடிக்கு அக்கரையில் இருக்கும் இலங்கையில் சராசரி ஆயுள் நம்மைவிட அதிகம்.

நாடுகளின் புள்ளிவிவரங்களைப் படமாகக் காட்டும் கேப்மைண்டர் (Gapminder) இணையதளத்தில், ஒரு நாட்டுக்கு ஒரு குமிழாக, இந்த நாடுகளின் குமிழ்கள் ஆண்டுவாரியாக நகர்வதைப் பார்க்கலாம், இலவசம்தான். புரொஜெக்டர் இல்லையென்றால் செல்போனே போதும்.