நூறு பேருக்கு மட்டும் இடமுள்ள கரை

அன்புள்ள தம்பிக்கு,

முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் அந்தாட்டிக்காவை வரைந்து காட்டியவன் நான். ரொறன்ரோவில் இருக்கும் மகன் எங்கள் இருவரையும் அங்கே அனுப்பிவைக்கிறேன் என்கிறான். மூவாயிரம் பேர் போகும் பெரிய கப்பலில் மலிவாக இடம் இருக்கிறதாம். சிறிய கப்பல் என்றால் செலவு பல மடங்காம். மனைவிக்கு முழங்கால் நோவு. எனக்கு நெடுந்தீவு வள்ளத்திலேயே தலை சுற்றும். அதைவிட வடதுருவப் பக்கம் போவது நல்லதா? உங்கள் கருத்து என்ன?

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், கரவெட்டி

அன்புள்ள மாஸ்ரர்,

பெரிய கப்பல் வேண்டாம். இதை இன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள். 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் அந்தாட்டிக்காவில் எவரையும் கரையிறக்குவதில்லை. தளத்தில் நின்று பனிமலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். இத்தனை ஆண்டுகள் வரைந்து காட்டிய நிலத்தில் உங்கள் கால் படாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிறிய கப்பல்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. 1991இல் பயண நிறுவனங்கள் கூடி அமைத்த ஐயாட்டோ என்ற சங்கத்தின் விதி இது. எனவே கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கப்பலில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நூறு பேர் என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். நானூறு பேர் என்றால் முறைக்காகக் காத்திருப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். செலவைக் குறைக்க வேண்டுமானால் அறையில் குறையுங்கள். பருவம் தொடங்கும் நவம்பரையோ முடியும் மார்ச்சையோ பாருங்கள். ஆட்தொகையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாட்கணக்கையும் கவனியுங்கள். ஆர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து ட்ரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். பத்து நாள் பயணத்தில் நான்கு நாட்கள் கடலுக்கே போய்விடும். அந்த அகலக்கோட்டில் உலகைச் சுற்றி நிலமே குறுக்கிடுவதில்லை, மேலைக்காற்று தடையின்றி அலையை வளர்த்துக்கொண்டு வரும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும். தலைசுற்றலுக்கு உங்கள் வைத்தியரிடம் இப்போதே மாத்திரை கேட்டு, நெடுந்தீவுக்கு ஒருமுறை போய்ச் சோதித்துப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் சிலியின் புந்தா அரீனாசிலிருந்து அந்தாட்டிக்காவின் கிங் ஜோர்ஜ் தீவுக்கு விமானத்தில் இறங்கிக் கப்பலேறும் பயணங்களும் உண்டு. ஆனால் மூடுபனி இருந்தால் விமானம் காத்திருக்கும்.

அம்மாவின் முழங்காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறித் தாழும்போது படகுக்காரர் உள்ளங்கையை விட்டு முன்கையைப் பற்றி ஏற்றுவார் அல்லவா, அங்கும் அதே பிடிதான். இறங்கியபின் களைத்தால் கரையில் உட்கார முடியாது. 2024இல் பறவைக் காய்ச்சல் அந்தாட்டிக்கப் பெருநிலத்தை எட்டியது உறுதியானது. அதனால் பறவைகள் உள்ள இடத்தில் உட்காரவோ, மண்டியிடவோ, பையை நிலத்தில் வைக்கவோ விடுவதில்லை. அம்மா ஒரு மணி நேரம் நின்றபடி இருக்க முடியுமா என்று வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடுங்கள்.

நான் போனபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கரையிறங்கும் முன் எல்லோருடைய உடுப்பையும் பையையும் சோதிப்பார்கள். என் பையின் ஒட்டுப்பட்டைக்குள் இருந்து வழிகாட்டிப் பெண் சிறிய இடுக்கியால் ஒரு நெருஞ்சி முள்ளை எடுத்தாள். வல்லிபுரக் கோயில் மணலில் ஒட்டியது, முனை ஒன்றும் உடையாமல் இருந்தது. என் கன்னம் சூடேறிவிட்டது. அந்தக் கண்டம் முழுவதற்கும் சொந்தமான பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு: ஒரு புல், ஒரு சிறு பூண்டு. வெளியிலிருந்து வந்த ஒரு புல் கிங் ஜோர்ஜ் தீவில் ஏற்கெனவே வேர்விட்டிருக்கிறது. சப்பாத்தைக் கழுவும் தொட்டியில் அன்று நான் நின்ற நேரம் மற்றவர்களைவிட அதிகம். நீங்கள் புதுப் பை வாங்குங்கள்.

வடக்கே நோர்வேயின் சுவல்பார் தீவுகளுக்குப் போனால் ட்ரேக் இல்லை, கடல் பெரும்பாலும் அடக்கமாக இருக்கும், கோடையில் நள்ளிரவிலும் சூரியன் நிற்கும். பெங்குவின் கிடையாது, பனிக்கரடியை 300 மீற்றருக்கு அப்பால், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீற்றருக்கு அப்பால் நின்றுதான் பார்க்கலாம். சுவல்பாருக்கு விசா கேட்பதில்லை என்று சொல்வார்கள். அதை நம்பி ஏமாறக்கூடாது. ஒஸ்லோ வழியாகப் போகும்போது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசா வேண்டும். சுவல்பார் அந்த வலயத்துக்கு வெளியே இருப்பதால் திரும்புவது இரண்டாவது நுழைவாகிவிடும். இருமுறை நுழையும் விசாவாக எடுக்க வேண்டும். தெற்கே போனால் நம் கடவுச்சீட்டுக்கு ஆர்ஜென்டினா விசா வேண்டும். இரண்டில் எதுவானாலும் விசா விவரம் தெளிவாகும்வரை திரும்பப் பெறமுடியாத பணம் எதையும் மகன் கட்ட வேண்டாம்.

எனக்கு விருப்பம் தெற்குதான். அம்மாவின் முழங்கால் சம்மதித்தால் சிறிய கப்பல்கள் இரண்டு மூன்றின் ஆட்தொகையையும் கரையிறங்கும் நாட்களையும் மகனிடம் கேட்டு எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.