காங்கயத்துக்கு வந்த இரண்டு சுறாப் பற்கள்: உண்மையானவையா, எவ்வளவு பழையவை?

கேள்வி: எங்கள் ஊர் காங்கயம். என் மச்சான் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். சுரங்கத்தில் கிடைத்ததாகச் சொல்லி ஒரு கற்பல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்த ஆசையில் இணையத்தில் 'மெகலோடான் சுறாப் பல்' என்று இன்னொன்றை வாங்கினேன். இரண்டையும் பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்கிறாள் மகள். இவை உண்மையானவைதானா? எவ்வளவு பழையவை? இவற்றைக் கொண்டு என்ன சொல்ல முடியும்? எப்படிச் சுத்தம் செய்வது? தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தப் போகிறோம். அங்கேயும் இப்படிக் கிடைக்குமா? படங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கிணற்றுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கிடைக்காது. காங்கயம், தாராபுரம், சென்னிமலை என்று கொங்கு நாட்டின் அடியில் கிடப்பவை நைஸ், சார்னோகைட் போன்ற உருமாறிய பாறைகள். அவற்றில் பெரும்பகுதி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. உலகில் இதுவரை கிடைத்த மிகப் பழைய சுறாப் பற்களுக்கோ வயது 41 கோடி ஆண்டுகளை ஒட்டித்தான். மீன் என்ற உயிரினம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உருவாகி, பூமியின் ஆழத்தில் 700 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்து படிகமாகிப்போன பாறையில் பல் இருக்க வழியில்லை. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லும் அப்படிப் படிகமானதே. சுண்ணாம்புக்கல் என்ற பெயரை நம்பி அங்கே போய்ச் சிப்பியையும் பல்லையும் தேட வேண்டாம். கிணற்று மண்ணில் முக்கோண வடிவில் ஏதேனும் அகப்பட்டால் அது பெரும்பாலும் வெங்கச்சங்கல் சில்லாகவோ சுக்கான் கல்லாகவோதான் இருக்கும்.

அரியலூர், பெரம்பலூர் நிலம் வேறு கதை. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் ஏறி, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் முடிந்த 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய எல்லை வரையிலும் அதற்குச் சற்றுப் பின்னரும் முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டிருந்தது. அது விட்டுச்சென்ற களிமண், மணற்கல், சுண்ணாம்புக்கல் அடுக்குகளை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு வரைபடமாக்கி, உத்தட்டூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்துவிட்டார். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பெருமரம் அந்தக் கடலோரத்துக்கு அடித்துவரப்பட்டதே. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊரின் வறண்ட மண்மேடுகளிலிருந்து எடுக்கப்பட்ட சுறாப் பற்கள் 2011இல் விரிவாக விவரிக்கப்பட்டுள்ளன. ஆகவே உங்கள் மச்சான் சொல்வது முற்றிலும் நம்பத்தக்கது.

முதல் பல்லின் படத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன். ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரம். நடுவில் ஒரு கூர், அதன் இருபுறமும் சிறிய பக்கக் கூர்கள். ஓரங்களில் ரம்பம் இல்லை. கூர்ப்பகுதி பழுப்பாகப் பளபளக்கிறது. வேர்ப்பகுதி மங்கலாக, நுண்துளைகளோடு இருக்கிறது. இந்த இரண்டு பரப்புகளுக்கும் உள்ள வேறுபாடே உண்மையான பல்லின் முதல் அடையாளம். சுறாப் பல்லின் மேற்பூச்சு ஃபுளோரின் கலந்த அப்படைட் என்னும் கனிமத்தாலானது. கோடி ஆண்டுகள் ஆனாலும் அதன் மினுமினுப்பு எளிதில் போவதில்லை. வேரில் அந்தப் பூச்சு கிடையாது. பிசினை அச்சில் வார்த்துச் செய்த போலியில் இரண்டும் ஒரே மாதிரி மினுங்கும். உற்றுப் பார்த்தால் காற்றுக் குமிழிகளும், ஓரமாக ஓடும் அச்சுக்கோடும் தெரியும். உங்கள் ஊரில் கல் பட்டை தீட்டுபவர் யாரிடமும் பத்து மடங்கு லென்ஸ் இருக்கும். ஐந்து நிமிடம் கடன் வாங்கிப் பாருங்கள். கன்னத்தில் ஒட்டிப் பார்க்கும் அவர்களுடைய பழைய சோதனையும் இங்கே செல்லும்: கல்லான பல் சில்லென்று இருக்கும், பிசின் அப்படிக் குளிராது. கத்தியால் கீறிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அப்படைட்டின் கடினம் மோ அளவுகோலில் 5தான், நல்ல எஃகு அதைக் கீறிவிடும்.

வயதைப் பொறுத்தவரை, பல்லை மட்டும் வைத்து என்னால் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான பகுதி. படத்தில் தெரியும் வடிவம் கிரெட்டாலாம்னா என்ற பழஞ்சுறா இனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. அந்த இனம் கிரெட்டேசியஸ் நடுவில் தோன்றி, டைனோசர்கள் அழிந்த பின்னும் பல கோடி ஆண்டுகள் கடலில் இருந்தது. பல்லின் வடிவமோ அவ்வளவு காலத்திலும் பெரிதாக மாறவில்லை. உங்கள் மச்சான் கல் ஏற்றியது சிப்பிகள் அடர்ந்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் குழி என்றால் பல்லின் வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. கல்லக்குடிப் பக்கத்து அடிமட்டச் சுண்ணாம்புக்கல் என்றால் 10 கோடியைத் தாண்டும். இரண்டும் லாரியில் சில மணி நேரத் தொலைவுக்குள் இருப்பவை. இடையில் இருப்பதோ மூன்று கோடி ஆண்டு. எந்த ஊர், எந்தக் குழி, அடியிலா மேலேயா, கூடவே சிப்பி இருந்ததா, கல்லின் நிறம் என்ன என்பவற்றை அவர் மறப்பதற்குள் கேட்டு எழுதி வையுங்கள்.

நிறம் வயதைக் காட்டாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புதைந்த மண்ணில் இரும்பு மிகுந்திருந்தால் பல் பழுப்பாகும். பாஸ்பேட் மிகுந்திருந்தால் கறுக்கும். கறுப்பாக இருந்தால் பழையது என்று விலை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது பல் உண்மையானது. அதற்கு வைத்த பெயர்தான் பொய். ஐந்து சென்டிமீட்டர் உயரம், வழவழப்பான ஓரம், இருபுறமும் தடித்த பக்கக் கூர்கள். அழிந்துபோன பெருஞ்சுறாவான மெகலோடானின் பல்லில் ஓரம் முழுவதும் நுண்ணிய ரம்பம் ஓடும். வளர்ந்த மீனுக்குப் பக்கக் கூர் இராது. கூருக்கும் வேருக்கும் நடுவே V வடிவக் கரும்பட்டை ஒன்று தெரியும். உங்களிடம் இருப்பது அநேகமாக ஓட்டோடஸ் ஆப்லிகஸ் என்ற இன்னொரு பழஞ்சுறாவின் பல். மொரோக்கோ நாட்டின் பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து மலிவாக ஏராளமாக வருவது. அதன் காலம் 5 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன். மெகலோடானோ ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. விற்றவர் தம்மை அறியாமலேயே உங்களுக்கு அதைவிடப் பழைய பல்லைக் கொடுத்திருக்கிறார்! ஆனால் அது பதிந்திருக்கும் மணற்கட்டியை நான் நம்பவில்லை. வேரைச் சுற்றி மணல்துகள்களுக்கு இடையே பசை மினுங்குவது படத்திலேயே தெரிகிறது. தனிப் பல்லை மணலும் பசையும் குழைத்த கட்டியில் பதித்துக் 'கண்டெடுத்தபடியே' என்று விற்பது அந்த வணிகத்தில் வழக்கம். பஞ்சில் அசிட்டோன் தொட்டு மணலின் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். பசை என்றால் பெரும்பாலும் இளகும். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: அரியலூரில் கிடைத்த மெகலோடான் என்று யார் எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள். அந்தச் சுறா பிறப்பதற்கு 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள கிரெட்டேசியஸ் அடுக்குகள் படிந்து முடிந்துவிட்டன.

பல் எதைச் சொல்லும் என்ற கேள்விக்கு வருகிறேன். சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பு, இறந்ததும் அழுகிப்போகும். பல் அப்படியல்ல. தாடையில் வரிசை வரிசையாக மாற்றுப் பற்கள் காத்திருக்க, முன்வரிசைப் பற்கள் வாழ்நாள் முழுவதும் உதிர்ந்துகொண்டே இருப்பதால், ஒரே மீன் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் விட்டுச் செல்கிறது. அதனால்தான் பழங்காலச் சுறாக்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி பல்லிலிருந்து வந்தது. வழுக்கும் மீனைக் குத்திப் பிடிப்பதற்குக் குறுகிய ஊசிக்கூர். பெரிய உடலை அறுத்துத் துண்டாக்க அகன்ற ரம்பப்பல். ஓடுகளை நொறுக்கத் தட்டையான பல். இரை எது என்பதற்குப் பல்லின் வடிவம் நல்ல துப்புக் கொடுக்கும். பல்லின் பாஸ்பேட்டில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது எடை மாறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதம், அது உருவானபோது மீனின் உடல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. பற்பூச்சில் கார்பனும் ஆக்சிஜனும் இணைந்திருக்கும் விதத்தை அளந்து 2023இல் வெளியான ஆய்வொன்று, மெகலோடானின் உடல் சுற்றியிருந்த நீரைவிட ஏறத்தாழ 7 டிகிரி சூடாக இருந்ததாகக் கணித்தது.

ஆனால் பல்லைக் கொண்டு உடலை ஊகிப்பதில் எச்சரிக்கை தேவை. ஒரே வாயில் மேற்பற்கள் அகன்றும் கீழ்ப்பற்கள் குறுகியும், முன்பற்கள் உயர்ந்தும் கடைவாயில் குட்டையாகவும் இருக்கும். 'இவ்வளவு பெரிய பல், ஆகவே இவ்வளவு நீள மீன்' என்று ஒற்றைப் பல்லை வைத்துச் சொல்லும் கணக்கு, அது தாடையில் எந்த இடத்துப் பல் என்று தெரியாதவரை வெறும் மதிப்பீடே. டைகோடஸ் என்ற சுறாவின் கதை இதற்கு நல்ல சான்று. வரிவரியாக மேடிட்ட அதன் அரைவைப் பற்கள் அரியலூர்ப் பகுதியிலும் கிடைத்துள்ளன. அந்தப் பற்களை மட்டும் பார்த்து, கடலடியில் மெல்ல ஊர்ந்து சிப்பி தின்ற மந்தமான மீன் என்றே நெடுங்காலம் பலரும் கருதினர். மெக்சிகோவின் வயேசியோ சுண்ணாம்புக்கல்லில் முழு உடலோடு கிடைத்த எச்சங்கள் 2024இல் விவரிக்கப்பட்டபோது, அது வெள்ளைச் சுறாவின் வரிசையைச் சேர்ந்த, வேகமாக நீந்தும் மீன் என்று தெரிந்தது. ஓடுள்ள இரையை நொறுக்கித் தின்றது என்று பல் சொன்னது சரிதான். பல்லிலிருந்து நாம் கற்பனை செய்த உடல்தான் தவறு.

இனிச் சுத்தம் செய்வது. பித்தளைப் பாத்திரத்துக்குப் போடுவதுபோல் புளியையோ எலுமிச்சையையோ தேய்த்துவிடாதீர்கள், வினிகரும் கூடாது. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே வேரையும் அரிக்கும். பழைய மென்மையான பல்துலக்கி, வெறும் தண்ணீர், நிழலில் உலர்த்தல், இது போதும். எண்ணெய் தடவ வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். விரிசல் விட்டு உதிர்ந்தால் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துத் தடவலாம்; பின்னாளில் வேண்டுமென்றால் அதைக் கரைத்தும் எடுக்கலாம். கடையில் கிடைக்கும் உடனடிப் பசைகளில் அந்த வசதி எளிதில் கிடைக்காது.

முதல் பல்லின் வேர்ப்பள்ளத்தில் ஒரு கடுகளவு சாம்பல்நிறப் படிவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் துலக்கிவிடாதீர்கள். அதற்குள் நுண்ணிய கடலுயிர் ஓடுகள் இருக்கக்கூடும். அவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இனம் விரைந்து மாறியவை என்பதால் அடுக்கின் காலத்தைப் பல்லைவிட நெருக்கமாகக் காட்டும். மச்சானுக்குக் குழியின் பெயர் நினைவில்லாமல் போனால், அந்தக் கடுகளவுதான் உங்களுக்கு மிஞ்சும் சான்று. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் காட்டிக் கேளுங்கள். அரியலூருக்குப் போகிறவர்கள் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மச்சானிடம் ஒரு வார்த்தை: சுரங்கம் குத்தகைக்காரரின் பொறுப்பில் இருப்பது, அடுத்த முறை எதையாவது எடுக்கும் முன் அவர்களிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும், குழிச்சுவரின் அடியில் நின்று தோண்டவே வேண்டாம்.

கண்காட்சிக்குப் பல்லுக்கு ஓர் அட்டை எழுதச் சொல்லுங்கள். முதல் அட்டையில் ஊர், குழி, கல்லின் நிறம், எடுத்தவர், எடுத்த மாதம். இனத்தின் பெயருக்கு முன் 'அநேகமாக' என்ற சொல் கட்டாயம். இரண்டாவதில் 'ஓட்டோடஸ், அநேகமாக மொரோக்கோ. விலைக்கு வாங்கியது, எடுத்த இடம் தெரியாது. மணற்கட்டி செயற்கையாக இருக்கலாம்' என்று இருக்கட்டும். ரம்பம் இல்லாத அந்த ஓரத்தைப் பார்வையாளர்கள் தாங்களே காணும்படி லென்ஸை அதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.